கதவு எண் இல்லாத பிள்ளைகள்

பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில், காரைக்குடி வட்டாரத்து அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்றில் ஒரு தாய் ஏழு வயது மகனோடு வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாசிமணி, ஊசிமணி விற்கும் குடும்பம். பையன் போன வருஷம் கொஞ்ச நாள் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். எந்த ஊர் என்று கேட்டால், "திருச்சிப் பக்கம் டீச்சர், ஊரு பேரு மறந்துபோச்சு" என்கிறார் தாய். டி.சி. கிடையாது. பிறந்த தேதி, ஒரு திருவிழாவுக்கு முந்தின நாள் என்று மட்டும் நினைவிருக்கிறது. சேர்க்கைப் பதிவேட்டில் முகவரி எழுதவேண்டிய இடத்தில் தலைமையாசிரியரின் பேனா நின்றுவிடுகிறது.

அநேகமாக அந்தத் தலைமையாசிரியர் பையனைச் சேர்த்துக்கொள்வார். அரசுப் பள்ளிக்குப் பிள்ளை வேண்டும். ஆசிரியர்களில் பெரும்பாலோர் இரக்கமுள்ளவர்கள். ஆனால் கார்த்திகை வரும்போது அந்தப் பையன் வகுப்பில் இருப்பானா என்பதுதான் கேள்வி. வீடில்லாத பிள்ளைகளின் கல்வி பற்றிய பேச்செல்லாம் சேர்க்கையிலேயே முடிந்துபோகிறது. அவர்கள் தொடர்ந்து படிப்பது வேறு இரண்டைப் பொறுத்தது: ராத்திரி எங்கே படுக்கிறார்கள், பள்ளி பூட்டியிருக்கும் நாட்களில் எங்கே சாப்பிடுகிறார்கள். இந்த இரண்டுக்கும் கல்வித் துறையில் பதில் சொல்ல ஆளில்லை.

வீடில்லாதவர் யார் என்பதையே ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கணக்கெடுக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பிப்ரவரி 28ஆம் தேதி இரவு சாலையோரம், நடைபாதை, மேம்பாலத்தடி, கோயில் மண்டபம், ரயில் நிலைய நடைமேடை ஆகிய இடங்களில் தங்கியிருந்தவர்களை எண்ணியது. நாடு முழுக்க ஏறத்தாழ 17.7 லட்சம் பேர் என்று வந்தது. ஒரே இரவில் எடுத்த கணக்கு அது. மேலும், நாலு கம்பு நட்டுக் கூரை போட்ட கொட்டகையும் அந்தக் கணக்கில் ஒரு வீடு. மானாமதுரை, திருப்புவனம் பக்கத்துக் காளவாசல்களில் கொட்டகை போட்டுத் தங்கிச் செங்கல் அறுக்கும் குடும்பம் வீடுள்ள குடும்பமாகிவிடுகிறது. சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடும் குடும்பமும் அப்படியே. மூட்டம் அணைந்ததும் அந்தக் கொட்டகை அங்கே இருக்காது.

சிவகங்கைச் சீமையில் பிழைப்புக்காக இடம் மாறுவது புதிதல்ல. கிடை ஆடுகளோடு தஞ்சை வயல்களுக்குப் போகிற கீதாரிக் குடும்பங்களை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அறுவடை முடிந்த வயலில் கிடை போடுவார்கள்; வயல்காரர் கூலி தருவார்; அடுத்த வயலுக்கு நகர்வார்கள். தாத்தா பாட்டி ஊரில் இருந்தால் பிள்ளைகள் அவர்களிடம் நின்று படிக்கும். இல்லாவிட்டால் கிடையோடு போகும். சிவகங்கைக்கு அருகே பழமலை நகர் போன்ற நரிக்குறவர் குடியிருப்புகளில் வீடுகள் இருக்கின்றன. ஆனால் திருவிழாக் காலம் வந்தால் குடும்பமே கிளம்பிவிடும். பிள்ளையார்பட்டி சதுர்த்தி, குன்றக்குடிப் பங்குனி உத்திரம், பழனித் தைப்பூசம் என்று அவர்கள் வியாபாரம் கோயில் நாட்காட்டியைப் பார்த்து நடக்கிறது. பள்ளி நாட்காட்டி ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. இரண்டும் ஒத்துப்போவதேயில்லை.

செட்டிநாட்டுக்கே உரிய இன்னொரு வகை உண்டு. அதைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், கண்டனூர், ஆத்தங்குடி என்று எந்த ஊருக்குள் போனாலும் பூட்டிய பெரிய வீடுகள் நிற்கின்றன. பங்காளிகள் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார்கள். வீட்டில் கல்யாணம், படைப்பு, சாந்தி என்று வந்தால்தான் திறப்பு. நடுவில் அந்த வீட்டை ஒரு காவல்காரக் குடும்பம் பார்த்துக்கொள்கிறது. முகப்பும் பட்டாலையும் வளவும் பூட்டிக் கிடக்க, பின்கட்டில் ஓர் அறையில் புருஷன், பெண்டாட்டி, இரண்டு மூன்று பிள்ளைகள். சம்பளம் கொஞ்சம், தங்க இடம் என்பதே பெரிய சம்பளம். பிள்ளைகள் அந்த ஊர்ப் பள்ளியில் படிக்கும். எழுத்துப்படி எதுவும் கிடையாது. வீடு விலைபோனால், அல்லது பங்காளிகள் ஒத்துப்போய் தேக்குத் தூணையும் நிலையையும் பிரித்துப் பழம்பொருள் கடைக்குக் கொடுக்க முடிவு செய்தால், குடும்பம் அந்த மாதமே கிளம்பவேண்டும். அரையாண்டுத் தேர்வு நடக்கிறதா, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்குகிறதா என்று யாரும் கேட்பதில்லை. வெளியே பார்த்தால் இந்தப் பிள்ளைகள் ஊரிலேயே பெரிய வீட்டில் குடியிருப்பவர்கள். எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள்.

அமெரிக்காவில் 1987இல் வந்த மெக்கின்னி வென்டோ சட்டம் இத்தகையவர்களையும் சேர்த்துக்கொள்கிறது. நிலையான, முறையான, போதுமான இரவுத் தங்குமிடம் இல்லாத பிள்ளை எவராயினும் அந்தச் சட்டத்தில் வீடில்லாத மாணவர்தான். வீடிழந்து உறவினர் வீட்டில் ஒண்டியிருப்பவரும், விடுதி அறையில் தங்குபவரும் அதில் அடக்கம். அப்படி எண்ணும்போது 2021-22 கல்வியாண்டில் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் அங்கே கணக்கில் வந்தார்கள். அவர்களில் மிகப்பெரும்பாலோர் ஒண்டுக்குடித்தனப் பிள்ளைகளே. வளமான நாட்டில் இவ்வளவா என்று வியப்பதைவிட, தேடியதால் கண்டுபிடித்தார்கள் என்று கொள்வதே சரி.

நம் சட்டமும் குறைந்ததல்ல. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளைக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்கிறது. 5ஆம் பிரிவின்படி டி.சி. வரத் தாமதமானாலும் சேர்க்கையைத் தள்ளிப்போட முடியாது. 4ஆம் பிரிவு, பள்ளிக்கே போகாத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, சக மாணவரோடு ஒத்து நடக்கச் சிறப்புப் பயிற்சி தரச் சொல்கிறது. மத்திய அரசின் மாதிரி விதிகள் அந்தப் பயிற்சிக்கு மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை காலம் கொடுக்கின்றன. 9ஆம் பிரிவு இன்னும் நேரடியானது: இடம்பெயரும் குடும்பத்துப் பிள்ளைகளின் சேர்க்கையை உறுதிசெய்வது உள்ளாட்சி அமைப்பின் கடமை. காரைக்குடி 2024இல் மாநகராட்சியானது. குப்பை, குடிநீர், வரி பற்றிப் பேசும் மாமன்றத்துக்கு இந்தக் கடமையும் இருக்கிறது என்பதை நகரத்தில் எத்தனை பேர் அறிவார்கள்?

அண்மைப் பள்ளி என்ற கருத்தும் அதே சட்டத்திலிருந்து வருகிறது. மாதிரி விதிகளின்படி தொடக்க வகுப்புகளுக்கு 1 கி.மீ.க்குள், நடுநிலை வகுப்புகளுக்கு 3 கி.மீ.க்குள் பள்ளி இருக்கவேண்டும். வீடு இருந்தால்தானே அதற்கு அண்மை எது என்று அளக்க முடியும்? மாதம் ஒரு ஊர் மாறும் பிள்ளைக்கு ஊருக்கு ஊர் ஓர் அண்மைப் பள்ளி. எதுவும் அவன் பள்ளியாக நிலைப்பதில்லை.

நடைமுறைத் தடை ஒன்றைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் 'எமிஸ்' என்னும் கல்வித் துறைக் கணினிப் பதிவில் ஓர் எண் உண்டு. பிள்ளை பள்ளி மாறினால் பழைய பள்ளித் தலைமையாசிரியர் அந்தப் பெயரைக் கணினியில் 'காமன் பூல்' என்னும் பொதுப் பட்டியலில் விடவேண்டும். புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். சொல்லிக்கொண்டு போகிற குடும்பத்துக்கு இது ஐந்து நிமிட வேலை. சொல்லாமல் இரவோடு இரவாகக் கிளம்பும் குடும்பத்துப் பிள்ளையின் பெயர் பழைய பள்ளியிலேயே நிற்கும். புதிய தலைமையாசிரியர், பழைய பள்ளி எதுவென்று துப்புத் துலக்கி, தொலைபேசி எண் தேடி, "காமன் பூல்ல போட்டுவிடுங்க சார்" என்று கேட்கவேண்டும். பள்ளிப் பெயரே தெரியாவிட்டால் பையன் வகுப்பில் உட்காருவான், பதிவேட்டில் இருக்கமாட்டான். பதிவில் இல்லாத பிள்ளைக்குப் பாடநூலும் சீருடையும் ஒதுக்கீட்டில் வராது. ஆசிரியர்தான் எங்கேயாவது மிச்சத்தைத் தேடிக் கொடுப்பார். சட்டம் தரச் சொன்ன சலுகை ஆசிரியரின் நல்ல மனசைப் பொறுத்த உதவியாகச் சுருங்குவது இந்த இடத்தில்தான்.

சாதிச் சான்றிதழ் கதை இதைவிட நீளம். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத் திருத்தத்தை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் நிறைவேற்றியது. பல பத்தாண்டுக் கோரிக்கை அது; பெரிய வெற்றி. ஆனால் பழங்குடிச் சான்றிதழைக் கோட்டாட்சியர் கையெழுத்திட்டுத் தரவேண்டும். காரைக்குடிக்காரர் தேவகோட்டை போகவேண்டும். விசாரணைக்கு வருகிற அன்று குடும்பம் ஊரில் இருக்கவேண்டும். ஊரில் இல்லாத நாட்களே அதிகமாக உள்ளவர்களுக்கு இது எளிதல்ல. பூம்பூம் மாட்டுக்காரர் என்று நாம் அழைக்கும் ஆதியன் சமூகத்துப் பிள்ளைகள் பல மாவட்டங்களில் இந்தச் சான்றிதழுக்காகவே ஆண்டுகளைத் தொலைத்திருக்கிறார்கள்.

சேர்ந்த பிறகு என்ன நடக்கிறது? தமிழ்நாட்டுக்கு இதில் பெருமைப்பட ஒன்று உண்டு. 1956இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கி அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போன காலை உணவு ஆகிய மூன்றும் வீடில்லாத பிள்ளையின் நாளை நேராகத் தொடுகின்றன. காலை உப்புமாவோ பொங்கலோ கிடைக்கும் என்றால் பேருந்து நிலையத்தில் தூங்கி எழுந்த பிள்ளையும் எட்டு மணிக்குப் பள்ளி வாசலுக்கு வரும். கையேந்தி வாங்கித் தின்பதைவிட வரிசையில் தட்டோடு நிற்பது அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய மாற்றம் என்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் சனி, ஞாயிறு, காலாண்டு விடுமுறை, மே மாதம் எல்லாம் கணக்கில் இல்லை. ஆறாம் வகுப்புக்குப் போனதும் காலை உணவும் நின்றுவிடுகிறது. பிள்ளை சம்பாதிக்கத் தொடங்கும் வயதும் அதுதான்.

பொங்கலுக்குப் பிறகு காளவாசல் வேலை சூடுபிடிக்கும். முன்பணம் வாங்கிய குடும்பம் போயே ஆகவேண்டும். தொடக்க வகுப்புகளின் மூன்றாம் பருவப் புத்தகம் அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கு வரும். வாங்க ஆளில்லாமல் சில பிரதிகள் அலமாரியில் தங்கிவிடும். திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளில் ஒடிசாக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, ஒடியா தெரிந்த ஆசிரியர்களையும் ஒடியா பாடநூல்களையும் கொண்டு வேலையிடத்துக்கு அருகிலேயே வகுப்பு நடத்தினார்கள். இரண்டு மாநில அரசுகள் சேர்ந்தால் இது நடக்கும் என்பதற்கு அது சாட்சி. வேறு மாநிலத்துப் பிள்ளைக்குச் செய்ய முடிந்ததை, ஒரு வட்டத்திலிருந்து பக்கத்து வட்டத்துக் காளவாசலுக்கு வரும் தமிழ்ப் பிள்ளைக்குச் செய்வதில் என்ன கஷ்டம்? மொழிச் சிக்கல்கூட இல்லை.

இரவுதான் பெரிய சிக்கல். கொட்டகையில் விளக்கு கிடையாது. வீட்டுப்பாடம் எழுத இடமில்லை, நோட்டு மழையில் நனையும், எலி கடிக்கும். பெண் பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால் தாய் அவளைக் கொட்டகையில் தனியே விட்டுவிட்டு வேலைக்குப் போகமாட்டார், கண்பார்வையிலேயே வைத்துக்கொள்வார். சீக்கிரம் கல்யாணம் முடித்துவிட்டால் பயம் தீரும் என்று நினைப்பார். இதை அறியாமை என்று சொல்லித் தள்ளிவிட மனம் வரவில்லை. பூட்ட ஒரு கதவு இல்லாத தாயின் பயம் அது.

அப்படியானால் விடுதிதானே வழி? தமிழ்நாட்டில் விடுதிகளுக்குப் பஞ்சமில்லை. அரசு மாணவர் விடுதிகள் அனைத்துக்கும் 2025 ஜூலையில் சமூகநீதி விடுதி என்று பெயரும் வைத்தார்கள். ஆனால் விதிகள் வீடுள்ள பிள்ளையை மனதில் வைத்தே எழுதப்பட்டவை. பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் விடுதிகளுக்கான சேர்க்கை அறிவிப்பைப் பாருங்கள்: வீட்டுக்கும் பள்ளிக்கும் 8 கி.மீ.க்கு மேல் தூரம் இருக்கவேண்டும் என்று இருக்கும். மாணவியருக்கு மட்டும் விலக்கு. பூட்டிய வீட்டின் பின்கட்டில் குடியிருக்கும் காவல்காரர் மகனுக்குப் பள்ளி அடுத்த தெருவில். அவனுக்கு விடுதி கிடைக்காது. அடுத்த மாதம் அவன் எங்கே இருப்பான் என்பதைச் சொல்ல விண்ணப்பத்தில் இடமும் இல்லை. கோடை விடுமுறையில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகவேண்டும். போக வீடில்லாதவன் பெற்றோர் இருக்கும் காளவாசலுக்குப் போவான், ஜூனில் திரும்ப வருவது நிச்சயமில்லை.

இன்னொரு பக்கம் இளைஞர் நீதிச் சட்டம் இருக்கிறது. 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீடோ நிலையான தங்குமிடமோ பிழைக்க வழியோ இல்லாத பிள்ளை, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை. குழந்தைகள் நலக் குழுமம் அவனை இல்லத்தில் சேர்க்கலாம். யாருமற்று ரயிலேறி வரும் பிள்ளைக்கு இது உயிர் காக்கும் ஏற்பாடு. குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு ஓர் அழைப்பு போதும். ஆனால் தாய் தகப்பனோடு தெருவில் வாழும் பிள்ளையை அதே வழியில் தூக்கிப்போய் இல்லத்தில் வைப்பது தவறு என்பதே என் உறுதியான கருத்து. வறுமையைக் காரணம் காட்டிப் பிள்ளையைப் பிரித்தால், அடுத்த முறை பள்ளி ஆசிரியரைக் கண்டாலும் அந்தக் குடும்பம் ஓடி ஒளியும். ஐ.நா. குழந்தை உரிமைக் குழு 2017இல் வெளியிட்ட 21ஆவது பொதுக் கருத்துரையும், தெருவோரப் பிள்ளைகளை உரிமையுள்ளவர்களாக நடத்தச் சொல்கிறதே தவிர, திரட்டி அடைக்கச் சொல்லவில்லை.

நல்ல முன்மாதிரிகள் நம் நாட்டிலேயே இருக்கின்றன. கொல்கத்தா சியால்டாவில் லொரேட்டோ பள்ளியின் முதல்வராயிருந்த சிஸ்டர் சிரில், 1980களில் தெருவோரச் சிறுமிகளுக்கு அந்தப் பள்ளிக் கட்டடத்தையே ராத்திரித் தங்குமிடமாகத் திறந்தார். கட்டணம் கட்டிப் படித்த மாணவிகளே அவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். பகலில் நிறைந்து இரவில் வெறுமையாய்க் கிடக்கும் கட்டடத்தை வைத்துக்கொண்டு புதுக்கட்டடத்துக்கு ஏன் காத்திருக்க வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் அடிப்படை. சென்னையில் சுயம் அறக்கட்டளை நடைபாதைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காகச் சிறகு பள்ளியைத் தொடங்கியது. நாகப்பட்டினம் பக்கம் சிக்கலில், சுனாமிக்குப் பின் பிரேமா ரேவதியின் முயற்சியில் வளர்ந்த வானவில் பள்ளி, நரிக்குறவர், பூம்பூம் மாட்டுக்காரர் பிள்ளைகளைக் கையேந்தும் தொழிலிலிருந்து வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. பெற்றோர் எங்கே அலைந்தாலும் பிள்ளை ஒரே இடத்தில் நிலைக்கிறது. பெற்றோர் வந்து பார்த்துப் போகிறார்கள். பிரிவு என்ற பேச்சே இல்லை. இவை தொண்டு உள்ளம் கொண்டவர்களின் சாதனைகள். அரசுப் பள்ளி செய்யவேண்டியதை அவர்கள் செய்துகாட்டினார்கள் என்பதே நாம் கவனிக்கவேண்டியது.

வீடு கொடுத்தாலே போதும் என்று நினைப்பவர்கள் சென்னையைப் பார்க்கலாம். நதிக்கரைக் குடிசைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் குடும்பங்களை மாற்றியபோது, கல்வியாண்டின் நடுவில் மாற்றப்பட்ட பிள்ளைகள் பலர் பழைய பள்ளிக்குப் போக முடியாமல், புதிய பள்ளியில் ஒட்டமுடியாமல் நின்றுபோனார்கள். அமெரிக்கச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த விதி இங்கேதான் உதவும். வீடிழந்த பிள்ளை தான் படித்த பள்ளியிலேயே தொடரலாம். போய்வரும் வாகனத்தைக் கல்வி நிர்வாகம் ஏற்பாடு செய்யவேண்டும். ஒவ்வொரு கல்வி மாவட்டத்திலும் இந்தப் பிள்ளைகளுக்கென்று பெயர் குறித்த ஓர் அலுவலர் இருக்கவேண்டும் என்பது இன்னொரு விதி. நம்மிடம் வட்டார வள மையமும் ஆசிரியர் பயிற்றுநரும் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் பள்ளி செல்லாப் பிள்ளைகள் கணக்கெடுப்பும் நடக்கிறது. ஒரு பயிற்றுநரின் பொறுப்பில் இந்தப் பிள்ளைகளை மட்டும் விட்டு, எமிஸ், டி.சி., சான்றிதழ் என்று தலைமையாசிரியர் அலையும் வேலையை அவரிடம் கொடுத்தால் பாதித் தடை தீரும்.

பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்களைச் சட்டம் கைவிட்டுவிடுகிறது. மற்ற சலுகைகள் தொடர்ந்து படித்தவர்களுக்கே: மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கும், மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் படிப்பு அடிப்படை. பெற்றோரோடு கேரளத்துக்கோ ஆந்திரத்துக்கோ போய் இரண்டு வருஷம் அங்கே படித்துத் திரும்பிய பெண், வேறு யாரைவிடவும் உதவி தேவைப்படுபவள், விதியில் விடுபட்டுவிடக்கூடும். படிப்பை விட்டவருக்கு ஒரு வழி இருக்கிறது: பன்னிரண்டரை வயது நிறைந்தவர் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். அதை வைத்துக்கொண்டு ஐ.டி.ஐ.யில் சில பிரிவுகளில் சேர முடியும். இந்தச் செய்தியைக் காளவாசல் வரை கொண்டுபோகும் ஆளும் அந்தப் பயிற்றுநராகத்தான் இருக்க முடியும்.

செட்டிநாட்டு மண்ணில் கல்விக்குக் கொடுப்பது பழக்கம். வள்ளல் அழகப்பர் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்ட வந்தார். இன்றும் ஊருக்கு ஊர் அறக்கட்டளைகள் இருக்கின்றன. கட்டடத்துக்கும் கல்வெட்டுக்கும் அவர்கள் தாராளமாகக் கொடுக்கிறார்கள். இங்கே தேவை கட்டடமல்ல. ராத்திரி விளக்கு, ஒரு காப்பாளினியின் சம்பளம், விடுமுறை நாட்களின் சாப்பாடு. ஏப்ரல் கடைசி வேலை நாளில் விடுதி பூட்டப்படும்போது, எந்தப் பிள்ளை எங்கே போகிறது என்று காப்பாளர் ஒரு தாளில் எழுதி வட்டார வள மையத்தில் கொடுக்கட்டும். போக இடமில்லாத பிள்ளைகளை ஒரே விடுதியில் ஒன்றுசேர்த்து, அந்த ஒரு விடுதியை மட்டும் மே மாதம் திறந்துவைக்கலாம். அதன் செலவை ஊர் அறக்கட்டளை ஒன்று ஏற்கலாம். மேற்பார்வை நலத்துறையிடமே இருக்கட்டும். அதே மே மாதத்தில் தேவகோட்டைக் கோட்டாட்சியர் அலுவலகம் சான்றிதழ் முகாமை நரிக்குறவர் குடியிருப்பிலேயே நடத்தினால், ஜூனில் பள்ளிக்கு வரும் தாயின் கையில் ஒரு தாளாவது இருக்கும்.